ஒதுங்கிய பிளவு: ஒட்டுக் கட்டும் மடக்குக் கத்தி ஒன்றின் இருபுறச் சரிவு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இடம், காவிரிக் கடைமடையில் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சிறிய நர்சரி. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது இந்தப் பகுதியில் மாவும் தென்னையும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. மறுபடி நட நினைத்தவர்கள் ஒட்டு மாங்கன்றைத் தேடி வர, வீட்டுக் கொல்லையில் நாலு பாத்தி போட்டு நடந்துகொண்டிருந்த இந்த நர்சரி, நிழல்வலைக் கூடாரம் போடும் அளவுக்கு வளர்ந்தது.

நடத்துபவர் ஒரு பெண்மணி. ஒட்டுக் கட்டுபவர் அவருக்குச் சித்தப்பா முறை ஆகும் ஒரு பெரியவர். கையில் நல்ல தொழில் உள்ளவர். அவருக்குத் துணையாக ஒரு இளைஞர். நான் லேத் பட்டறையில் வெட்டுக் கருவிகளுக்கு வாய் (வெட்டும் விளிம்பு) பிடிக்கிற வேலையில் இருப்பவன். ஒட்டுக் கட்டுவதில் எனக்குப் பழக்கம் குறைவு. கத்தி விஷயமாகத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

செய்முறை இளந்தண்டு ஒட்டு. கொட்டையிலிருந்து வளர்த்த கன்றின் தலையை வெட்டிவிட்டு, தண்டின் நடுவில் மூன்று நான்கு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பிளக்க வேண்டும். தாய்மரத்துக் குச்சியின் அடியை இரண்டு பக்கமும் சீவி ஆப்பு போலாக்கி, அந்தப் பிளவில் செருகி, பாலிதீன் நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். பட்டைக்கு நேர் அடியில் இருக்கும் மெல்லிய பச்சை அடுக்குதான் ஒட்டிப் பிடிக்கிறது. கன்றின் அடுக்கும் குச்சியின் அடுக்கும் தொட்டுக்கொண்டு நின்றால் பிடிக்கும், இடையில் சந்து விழுந்தால் காய்ந்துவிடும்.

பெரியவர் பயன்படுத்தியது, இரண்டு பக்கமும் சரிவு, அதாவது வாயை ஒட்டிச் சாய்வாகத் தேய்த்த முகம், உள்ள சாதாரண மடக்குக் கத்தி. பல வருடமாகத் தீட்டித் தீட்டி அலகு தேய்ந்து, அகலம் 16 மி.மீ. அளவுக்கு வந்திருந்தது. நடுவில் ஒரு முறை சந்தையில் சாணை பிடிக்கவும் கொடுத்திருக்கிறார்கள்.

முதலில் வந்த புகார்

ஒட்டுகள் வழக்கத்தைவிட அதிகமாகக் காய்ந்தன. குச்சி சரியில்லையோ என்று தாய்மரத்தை மாற்றிப் பார்த்தார்கள். நாடாவை மாற்றினார்கள், நிழலைக் கூட்டினார்கள். கத்தி மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதற்குக் காரணம் இருந்தது: கத்தி கூர்மையாகத்தான் இருந்தது. பெரியவர் கையிலிருந்த மயிரை வழித்தே காட்டினார். "கத்தியில குறை சொல்ல முடியாது தம்பி. குச்சிதான் இந்த வருஷம் சரியா அமையல" என்றார்.

இளைஞர்தான் வேறொன்றைக் கவனித்திருந்தார். தாத்தா பிளக்கும்போது பிளவு நடுவில் தொடங்கி, கீழே போகப் போக இடப்பக்கம் ஒதுங்குகிறது என்றார். அவர் சொன்ன அந்த ஒரு வரியால்தான் கத்தியைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது.

பார்த்தவை

கத்தியைத் தொடுவதற்கு முன் வெட்டுப்பட்ட மரத்தைப் பார்த்தோம். வீணாகப் போகிற கன்றுகள் சிலவற்றைப் பிளக்கச் சொல்லி, பிளவோடு சேர்த்துக் குறுக்கே நறுக்கினோம். மேல் முனையில் கோடு தண்டின் மையத்தில் இருந்தது. மூன்று சென்டிமீட்டர் கீழே ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தது. மெலிந்த பக்கம் நாடா இறுகும்போது வளைந்துகொடுக்கும். தடித்த பக்கம் கொடுக்காது. ஆப்பு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் ஒரு பக்கம் சந்து விழத்தான் செய்யும்.

சீவிய குச்சியைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிராக ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பில் வைத்துப் பார்த்தபோது, சீவிய முகத்தின் நடுவில் மெல்லிய கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. முகம் தட்டையாக இல்லை, லேசாகக் குழிந்து அலையடித்திருந்தது. குச்சியைத் திருப்பி மறு முகத்தை வைத்தாலும் அதே குழிவு.

கோளாறு கையிலா கத்தியிலா என்று தெரிந்தாக வேண்டும். இதற்கு ஒரு சின்னச் சோதனை போதும். பெரியவரை வழக்கம்போல ஒரு தண்டைப் பிளக்கச் சொன்னோம். அடுத்த தண்டில், கத்தியின் மூக்கு (நுனி) அவரைப் பார்த்து இருக்கும்படி திருப்பி வைத்து அழுத்தச் சொன்னோம். கை காரணமானால் பிளவு மறுபடியும் அவருடைய இடப்பக்கமே போக வேண்டும். அது வலப்பக்கம் ஒதுங்கியது. கத்தியைத் திருப்பியதும் ஒதுக்கமும் சேர்ந்தே திரும்பிவிட்டது. பெரியவர் இன்னொரு தண்டில் தாமே செய்து பார்த்துவிட்டு, பேசாமல் கத்தியைத் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

வாய்ப்பக்கம் கீழேயும் மூக்கு முன்னாலும் இருக்கும்படி பிடித்தால், இடப்பக்கச் சரிவு வலப்பக்கத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலம். வலப்பக்கம் ஒரு ஒடுங்கிய வெள்ளிக் கோடு மாதிரி, நிமிர்ந்து நின்றது.

அகலம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது

சரிவுகள் சமமில்லை என்று கண்ணால் பார்த்ததுமே அகலமான பக்கத்தை விட்டுவிட்டு ஒடுங்கிய பக்கத்தைத் தேய்க்கத் தொடங்குவது பலருக்கும் பழக்கம். சில நேரம் அது சரியாக வரும், சில நேரம் கத்தி கெடும். ஒரு சரிவு அகலமாக இருக்க மூன்று காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது கோணம். வாய்க்குப் பின்னால் அலகின் தடிமன் 0.6 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வாய் நடுவில் இருந்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் 0.3 மி.மீ. பங்கு. அதை 12 டிகிரியில் சாய்த்துத் தேய்த்தால் சரிவின் அகலம் சுமார் 1.4 மி.மீ. வரும். 25 டிகிரியில் தேய்த்தால் 0.7 மி.மீ.தான். கோணம் மாறினாலே அகலம் இரட்டிப்பாகிவிடுகிறது. இரண்டாவது, கோணம் ஒன்றாகவே இருந்தும் ஒரு பக்கத்தை அதிகமாகத் தேய்த்திருப்பது. அப்போது வாய் நடுவை விட்டு மறுபக்கம் நகர்ந்து, தேய்த்த பக்கம் அகலமாகும். மூன்றாவது, அலகே தயாரிப்பில் ஒரு பக்கம் கூடுதலாகச் சீவப்பட்டிருப்பது. அப்படிப்பட்ட கத்தியில் கோணம் அச்சுப் பிசகாமல் சமமாக இருந்தாலும் சரிவுகள் வேறு வேறு அகலமாகத்தான் தெரியும்.

வெட்டும்போது கத்தியை ஒரு பக்கம் தள்ளுவது பெரும்பாலும் முதல் காரணம். நிமிர்ந்த சரிவில் மரம் அதிக விசையோடு முட்டும், கத்தி எதிர்ப்பக்கம் விலகும். இங்கே நிமிர்ந்தது வலப்பக்கம், பிளவு போனது இடப்பக்கம். பொருந்துகிறது. ஆனாலும் கணக்கை நம்பி உட்காராமல் மை போட்டுப் பார்த்தோம்.

மை போட்டுப் பார்த்தது

பக்கத்து ஊர்த் தச்சர் ஒரு மர ஆப்பு செய்து கொடுத்தார். அடி 100 மி.மீ., உயரம் 30.5 மி.மீ. அந்த அளவுக்குச் சாய்வு 17 டிகிரி வரும். காசுகளை அடுக்கிக் கத்தியின் முதுகுக்கு (வாய்க்கு எதிரே உள்ள தடித்த விளிம்புக்கு) முட்டுக் கொடுக்கும் பழக்கமும் உண்டு. ஆனால் அலகு தேயத் தேய அந்தக் கணக்கு மாறும்: 5 மி.மீ. உயரம் 20 மி.மீ. அகல அலகுக்கு 14.5 டிகிரி தரும், தேய்ந்து 16 மி.மீ. ஆன அலகுக்கு 18 டிகிரிக்கு மேல் போய்விடும். ஆப்பு அலகின் அகலத்தைப் பார்ப்பதில்லை, அதனால் அதைத் தேர்ந்தோம். அலகு முதுகிலிருந்து வாய் நோக்கி மெலிந்து வருவதால் உண்மையான கோணம் ஒன்றிரண்டு டிகிரி கூடும். இரண்டு பக்கமும் அதே அளவு கூடுவதால் இங்கே அது ஒரு பொருட்டல்ல.

இரண்டு சரிவிலும் மார்க்கர் மையைப் பூசி, ஆப்பின் சாய்வைக் கையில் வாங்கிக்கொண்டு, கல்லில் அழுத்தாமல் ஓரிரு இழுப்பு. இடப்பக்கத்தில் வாயோரத்து மை மட்டும் போயிற்று, பின்பகுதி மை அப்படியே இருந்தது. அந்தப் பக்கம் 17-ஐ விடப் படுத்திருக்கிறது என்று பொருள். வலப்பக்கத்தில் நேர் எதிர்: சரிவின் பின்விளிம்பில் மை போய், வாயோரத்தில் கறுப்புக் கோடு மிச்சம் நின்றது. அது 17-ஐ விட நிமிர்ந்திருக்கிறது. ஆக, இது கோணக் கோளாறு.

எப்படி வந்தது

பெரியவரை வழக்கம்போலத் தீட்டிக் காட்டச் சொன்னோம். கல் திண்ணையோரத் தரையில். சம்மணமிட்டு உட்கார்ந்து, வாயை வெளியே பார்க்க வைத்துப் பத்து, தன் பக்கம் திருப்பிப் பத்து. எண்ணிக்கை பிசகவே இல்லை. வாய் வெளியே பார்க்கும்போது இடப்பக்கம் கல்லில் படுகிறது, மணிக்கட்டு தளர்ந்து முதுகு கல்லோடு படுத்துவிடுகிறது. வாய் தன் பக்கம் திரும்பும்போது விரல்முட்டி தரையில் இடிக்கும் என்று மணிக்கட்டை மேலே வளைத்துக்கொள்கிறார், முதுகு தூக்கிக்கொள்கிறது. பத்துக்குப் பத்து என்பதால் ஒவ்வொரு தீட்டலும் அந்த வித்தியாசத்தைக் காப்பாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. இழுப்பு எண்ணிக்கை சமமாக இருந்தால் சரிவும் சமமாகும் என்ற நம்பிக்கை நிறையப் பேரிடம் இருக்கிறது. கோணம் சமமாக இல்லாத கையில் அது பலிக்காது.

குச்சிச் சீவலில் தெரிந்த குழிவுக்கும் இங்கே விடை கிடைத்தது. அவர் தன் பக்கமாக இழுத்துச் சீவுபவர். அப்போது மரத்தின் மேல் உட்கார்வது இந்த நிமிர்ந்த வலப்பக்கம்தான். முதுகைத் தூக்கினால்தான் வாய் மரத்தில் இறங்கும். தூக்கிய கத்தி தட்டையாக ஓடாது. குச்சியைத் திருப்பிப் போட்டாலும் மரத்தில் படுவது அதே முகம், அதனால்தான் இரண்டு பக்கமும் ஒரே குழிவு.

கல்லும் சரியில்லை. ஸ்கேலை நெடுக்கே வைத்துப் பார்த்தால் நடுவில் பள்ளம். பள்ளமான கல்லில் கை எவ்வளவு நிதானமாக இருந்தாலும் இழுப்பின் தொடக்கத்தில் ஒரு கோணம், நடுவில் ஒரு கோணம் விழும்.

எடுத்த முடிவுகள்

சாணைச் சக்கரத்துக்கு அனுப்புவதில்லை என்பதை முதலில் முடிவு செய்தோம். நடத்துபவருக்கு அதுதான் விருப்பமாக இருந்தது, ஒரே நாளில் வேலை முடியும். ஆனால் தண்ணீர் விடாமல் ஓடும் சக்கரத்தில் மெல்லிய வாய் கண் மூடித் திறப்பதற்குள் சூடேறி, நீலம் பாய்ந்து, பதம் இறங்கிவிடும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. அதோடு இந்த அலகில் இழக்கக் கூடுதல் இரும்பும் இல்லை.

அடுத்தது கல். கண்ணாடிப் பலகையின் மேல் முரட்டு வாட்டர் பேப்பரை நனைத்து ஒட்டி, கல்லின் முகம் முழுக்கப் பென்சிலால் கட்டம் போட்டு, எல்லாக் கோடும் அழியும்வரை தேய்த்தோம். ஓரக் கோடுகள் முதலில் அழிந்தன, நடுவில் இருந்தவை நெடுநேரம் நின்றன. அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தாண்டிப் போக வழியில்லை.

பிறகு கல்லைத் தரையிலிருந்து எடுத்து, இடுப்பு உயர மேசையில் மரச்சட்டத்துக்குள் அடக்கினோம். விரல்முட்டி இடிக்க இனி எதுவும் இல்லை. இடக்கைக்கு மாற்றித் தீட்டலாமா என்று யோசித்தோம். அவர் வயதில் புதுக் கையைப் பழக்குவது தேவையற்ற சிரமம் என்று பட்டது. வலக்கையிலேயே பிடித்து, பெருவிரலை முதுகில் ஊன்றி, இடக்கை விரல்கள் இரண்டை அலகின் மேல் லேசாக வைக்கச் சொன்னோம்.

வலப்பக்கத்தை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டோம். ஆப்பில் வைத்துச் சாய்வை வாங்குவது, கல்லுக்குப் போவது, சில இழுப்பு, மறுபடி மை. கறுப்புக் கோடு மெல்ல மெல்ல ஒடுங்கி வாய் வரை வந்து மறைந்தது. அந்த நேரத்தில் இடப்பக்கத்தில் பிசிறு, அதாவது தேய்த்ததில் வாயைத் தாண்டி மடிந்த மெல்லிய இரும்பு, தட்டியது. பெருவிரலை முதுகிலிருந்து வாய்க்கு வெளியே வழித்தால் மெல்லிய நூல் இழை மாதிரி விரலில் மாட்டும். வாயின் நீளத்தில் விரலை ஓட்டக் கூடாது, அது வெட்டும். பிடியோரத்திலிருந்து மூக்கு வரை பிசிறு தொடர்ச்சியாகத் தட்டினால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. மூக்கருகே தட்டவில்லை, அங்கே மட்டும் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்தோம். மூக்கின் வளைவில் பிடியைத் துளி உயர்த்தினால் போதும், அதிகம் தூக்கினால் அங்கே சரிவு நிமிர்ந்து ஒடுங்கிவிடும்.

இடப்பக்கத்தில் 17 டிகிரியில் வாயோரத்தில் மட்டும் புதிய சரிவு விழுந்தது. அதற்குப் பின்னால் பழைய அகலச் சரிவு அப்படியே தெரிந்தது. "ரெண்டு பக்கமும் ஒண்ணு மாதிரி தெரியலையே" என்றார் நடத்துபவர். பழைய தடத்தையும் தேய்த்து அழிக்கலாம்தான். அதற்கு அலகின் அகலத்தையே குறைக்க வேண்டும். வாய் இரண்டு பக்கமும் ஒரே சாய்வில் நிற்கும்போது, பின்னால் இருக்கும் தடத்தால் இந்த வேலைக்குத் தீங்கு இல்லை என்று விளக்கி விட்டுவிட்டோம். வரும் தீட்டல்களில் அது தானாகக் கரையும். பார்வைக்காக இரும்பைச் செலவழிப்பதை நான் எப்போதும் எதிர்ப்பேன், அதுவும் இவ்வளவு தேய்ந்த கத்தியில்.

கடைசியாகக் கல்லின் நைஸ் பக்கத்தில், கத்தியின் பக்கத்துக்கு ஒரு இழுப்பாக மாற்றி மாற்றி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, பழைய தோல் பெல்ட்டில் முதுகு முன்னே போகும்படி வழித்துப் பிசிறை எடுத்தோம்.

அதன் பிறகு

அன்றைக்கே பிளந்து பார்த்த தண்டுகளில் கோடு நேராக இறங்கியது. கத்தியைத் திருப்பி வைத்தும் பார்த்தோம், ஒதுக்கம் இல்லை. சீவிய குச்சியை ஸ்கேலில் வைத்தபோது கீற்று தெரியவில்லை. பெரியவருக்கு முதலில் கை ஒத்துவரவில்லை. முதுகைத் தூக்கியே பழகியவர், இப்போதும் தூக்கியதால் கத்தி தேவைக்கு மேல் ஆழமாக இறங்கியது. சில நாள் காய்ந்த குச்சிகளில் சீவிப் பழகிய பிறகே கன்றில் கை வைத்தார். அந்தப் பொறுமை எல்லோருக்கும் வராது.

காய்ந்துபோகும் ஒட்டுகள் அந்தப் பருவத்தில் குறைந்தன. முழுப் பெருமையையும் கத்திக்குக் கொடுக்க முடியாது. அதே சமயத்தில் காற்றில் ஈரம் கூடியிருந்தது, குச்சியும் நன்றாகக் கண் திரண்ட குச்சி. பிளவு நடுவில் நிற்கிறது என்பது மட்டும்தான் ஐயமில்லாமல் கத்தியால் வந்த மாற்றம்.

இதற்கிடையே இளைஞர் புதுக் கத்தி ஒன்று வாங்கி வந்தார். அதிலும் ஒரு சரிவு அகலம், ஒன்று ஒடுக்கம். பழைய கத்தியை நேராக்கிய உற்சாகத்தில் அன்றே தேய்க்க உட்கார்ந்துவிட்டார். பெரியவர்தான் தடுத்து, "மொதல்ல மையப் போடுடா" என்றாராம். மை போட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் சரிவின் முழு அகலத்துக்கும் ஒரே சீராக மை போயிருக்கிறது. கோணம் சமம், அலகுதான் கம்பெனியிலேயே ஒரு பக்கம் கூடுதலாகச் சீவப்பட்டது. பிளந்து பார்த்தார்கள், நேராக இறங்கியது. தேய்க்காமல் வைத்துக்கொண்டார்கள். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் நிறைவு தந்தது அந்த இடம்தான்: கண்ணுக்குச் சமமில்லாத கத்தியை, சோதித்துப் பார்த்து, வேண்டுமென்றே விட்டுவிட்டது.

இனி மாற்ற இருப்பவை

ஒட்டு அதிகமாகக் காய்ந்தால் குச்சியையும் நிழலையும் மாற்றுவதற்கு முன், பிளவைக் குறுக்கே நறுக்கிப் பார்ப்பது என்று நர்சரியில் முடிவு செய்திருக்கிறார்கள். ஒரு கன்று செலவாகும், விடை உடனே தெரியும். கல்லின் மேல் ஸ்கேல் வைத்துப் பார்ப்பது மாதம் ஒரு முறை. மாம்பால் படிந்த கத்தியை இந்த உப்புக் காற்றில் அப்படியே மடக்கி வைத்தால் வாயில் துருப்புள்ளி விழுகிறது, அதனால் வேலை முடிந்ததும் துடைத்து ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி வைக்கிறார்கள்.

பிளப்பதற்கும் சீவுவதற்கும் இரண்டு கத்தி வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. பிளக்கும் கத்திக்கு இருபுறமும் சமமான சரிவு கட்டாயம். சீவும் கத்திக்கு ஒரு பக்கம் மட்டும் சரிவு இருந்து, மரத்தில் படும் பக்கம் தட்டையாக இருந்தால் முகம் இன்னும் நேர்த்தியாக வரும். ஒட்டுக் கட்டுவதற்கென்றே அப்படிப்பட்ட கத்திகள் விற்கின்றன. வாங்கும்போது எந்தக் கையால், எந்தப் பக்கமாகச் சீவுகிறவர் என்று பார்த்து வாங்க வேண்டும், மாறினால் தட்டையான பக்கம் மேலே போய்விடும். தீட்டும்போது சரிவுப் பக்கத்தை மட்டும் தேய்த்து, தட்டையான பக்கத்தைக் கல்லோடு முழுக்கப் படுக்கவைத்துப் பிசிறை மட்டும் எடுக்க வேண்டும். இளைஞர் அப்படி ஒன்றை வாங்கிப் பழகுகிறார். பெரியவர் தன் பழைய மடக்குக் கத்தியிலேயே தொடர்கிறார். மேசை மேல் கல்லுக்குப் பக்கத்தில் ஆப்பும் மார்க்கரும் இருக்கின்றன, பத்துக்குப் பத்து எண்ணுவதை அவர் விட்டுவிட்டார்.